உறையில் எழுதிய வேகமும் உள்ளே இருக்கும் வேகமும்: ரேம் டைமிங் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு ரேம் தொகுப்புகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் உறையில் 3600, 18-22-22 என்று அச்சிட்டிருக்கிறது. மற்றதில் 3200, 16-18-18. எது வேகமானது என்று கேட்டால் பெரும்பாலோர் முதலாவதைத்தான் காட்டுவார்கள். நொடிக்கு எவ்வளவு தரவை அள்ளித் தரும் என்ற கணக்கில் அது சரி. ஆனால் செயலி, நினைவகத்தின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் ஒரு தரவைக் கேட்கிறது; அந்த இடத்தில் வேறொரு பகுதி ஏற்கெனவே திறந்து கிடக்கிறது; அதை மூடி, வேண்டியதைத் திறந்து, எடுத்துத் தர வேண்டும். இந்த வேலைக்கு 3600 தொகுப்பு 34.4 நானோ நொடி எடுத்துக்கொள்கிறது. 3200 தொகுப்புக்கு 32.5 போதும்.

இந்தக் கணக்கைப் போடத் தெரிந்துவிட்டால், ரேமை வாங்கும்போதும் சரிசெய்யும்போதும் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி, எந்த எண் எதனால் கட்டுப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வது. சில டைமிங்குகள் மின்னழுத்தத்தைக் கூட்டினால் இறங்கிவரும். சில என்ன செய்தாலும் அசையாது. எது எப்படி என்பதை ரேமின் மேல் இருக்கும் சில்லுதான் தீர்மானிக்கிறது. உறையின் நிறமோ விளம்பர வாசகமோ தீர்மானிப்பதில்லை.

கணக்கு

டிடிஆர் நினைவகம் (இன்றைய கணினிகளின் ரேம் வகை; டிடிஆர்4, டிடிஆர்5 அதன் தலைமுறைகள்) ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் இரண்டு முறை தரவை அனுப்புகிறது. ஆகவே 3600 என்பது நொடிக்கு 360 கோடிப் பரிமாற்றம். உண்மையான கடிகாரம் 1800 மெகாஹெர்ட்ஸ். சிபியு-இசட் மென்பொருளில் 1800 என்று பார்த்துவிட்டு ரேம் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று பதறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பதற வேண்டியதில்லை.

டைமிங் எண்கள் எல்லாம் துடிப்புகளின் எண்ணிக்கை. ஒரு துடிப்பின் நீளம் நானோ நொடியில் எவ்வளவு என்பதை அறிய 2000-ஐப் பரிமாற்ற வேகத்தால் வகுக்க வேண்டும். 3200-இல் ஒரு துடிப்பு 0.625 நானோ நொடி. 3600-இல் 0.556. 6000-இல் 0.333. இப்போது டைமிங் வரிசையின் முதல் எண்ணான சிஎல் மதிப்பைப் பெருக்கினால் போதும்: 3200-இல் சிஎல் 16 என்றால் 10 நானோ நொடி, 3600-இல் 18 என்றாலும் 10, டிடிஆர்5 6000-இல் 30 என்றாலும் அதே 10. மூன்று வெவ்வேறு எண்கள், ஒரே காத்திருப்பு. 3200-இல் சிஎல் 14 என்றால் 8.75. எந்த மேம்பாடும் செய்யப்படாத டிடிஆர்5 4800, சிஎல் 40 என்றால் 16.7.

ஒரு தாளில் உங்கள் ரேமின் முதல் மூன்று எண்களை எழுதிக் கூட்டி, துடிப்பின் நீளத்தால் பெருக்கிப் பாருங்கள். மேலே சொன்ன 34.4, 32.5 ஆகியவை அப்படி வந்தவைதான்.

ஒரு நிரை திறந்து மூடும்போது நடப்பது

பயாஸ் திரையில், அதாவது கணினி எழும்போது திறக்கும் வன்பொருள் அமைப்புத் திரையில், டைமிங் பெயர்களின் முன்னால் ஒரு சிறிய ‘டி’ எழுத்து நிற்கும்; அது நேரத்தைக் குறிப்பது. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று இங்கே அதை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றுவரை ரேமின் அடிப்படை: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இவை கோடிக்கணக்கில் நிரை, நிரல் என அடுக்கப்பட்டிருக்கின்றன.

ஒரு நிரையைத் திறக்கும்போது அதிலுள்ள ஆயிரக்கணக்கான மின்தேக்கிகள் தம்மிடம் உள்ள மிகச் சிறிய மின்னூட்டத்தை வெளியே கொட்டிவிடுகின்றன. அந்த மெல்லிய வேறுபாட்டை உணர்ந்து பெரிதாக்கும் சுற்றுகள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஆகும் நேரம் ஆர்சிடி. பிடித்துவைத்த பிறகு, வேண்டிய நிரலைத் தேர்ந்தெடுத்து வெளியே அனுப்பும் நேரம் சிஎல். வேலை முடிந்ததும் நிரையை மூடி, கம்பிகளை மீண்டும் நடுநிலைக்குக் கொண்டுவர ஆகும் நேரம் ஆர்பி.

இங்கே கவனிக்க வேண்டியது: படித்த மாத்திரத்தில் மூலச் செல்கள் காலியாகிவிட்டன. அவற்றை மீண்டும் நிரப்பாமல் நிரையை மூடினால் தரவு போய்விடும். நிரப்பி முடிக்கும்வரை நிரை திறந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச நேரம்தான் ஆர்ஏஎஸ். திறந்ததிலிருந்து மூடி மறுபடி திறக்கும்வரை உள்ள முழுச் சுற்று ஆர்சி. அது ஆர்ஏஎஸ், ஆர்பி இரண்டின் கூட்டல். உறையில் அச்சிடும் வரிசை சிஎல், ஆர்சிடி, ஆர்பி; நான்காவது எண் இருந்தால் அது ஆர்ஏஎஸ்.

இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் சில முடிவுகள் தாமாகவே வரும். கேட்ட தரவு ஏற்கெனவே திறந்த நிரையில் இருந்தால் சிஎல் மட்டுமே செலவு. எந்த நிரையும் திறந்திராவிட்டால் ஆர்சிடியும் சிஎல்லும். வேறு நிரை திறந்திருந்தால் மூன்றும். ஆகவே சிஎல்லை மட்டும் இறக்கிவிட்டு ஆர்சிடியை 22-இல் விட்டுவைத்தால், உறையில் அழகாக இருக்கும். பயன்பாட்டில் அந்த அளவுக்குத் தெரியாது. தொகுப்புகளை விற்கிறவர்கள் சிஎல்லைப் பெரிய எழுத்தில் போடுவதும், வாங்குகிறவர்கள் அதை மட்டுமே பார்ப்பதும் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் பழக்கம்.

இன்னொரு பெரிய செலவு, பலரும் கண்டுகொள்ளாதது: புதுப்பிப்பு. மின்தேக்கிகள் கசியும். டிடிஆர்4-இல் சராசரியாக ஒவ்வொரு 7.8 மைக்ரோ நொடிக்கும் ஒரு புதுப்பிப்புக் கட்டளை போக வேண்டும். அந்த இடைவெளி ஆர்இஎஃப்ஐ. கட்டளை போனபின் சில்லு வேறு எதற்கும் பதில் சொல்லாமல் இருக்கும் நேரம் ஆர்எஃப்சி. 8 ஜிகாபிட் சில்லுகளுக்குத் தரநிலை வகுத்தது 350 நானோ நொடி. 350-ஐ 7800-ஆல் வகுத்துப் பாருங்கள்: நூற்றுக்கு நான்கரைப் பங்கு நேரம் ரேம் வாய்மூடி இருக்கிறது. அந்த நேரத்தில் வந்து சேரும் கோரிக்கை முழுக் காத்திருப்பையும் அனுபவிக்க வேண்டும். இதனால்தான் ஆர்எஃப்சியை இறக்குவது, சிஎல்லை ஒரு படி இறக்குவதைவிடப் பல வேளைகளில் கூடுதல் பயன் தருகிறது.

சில்லை அடையாளம் காணுதல்

உலகில் கணினி ரேமுக்கான சில்லுகளைப் பெருமளவில் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றுதான். உறையில் வேறு பெயர் இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் இவற்றில் ஒன்றின் சில்லு இருக்கும். ஒவ்வொரு நிறுவனத்திலும் தலைமுறைக்கு ஓர் எழுத்து. அந்த எழுத்துதான் உங்கள் ரேமின் உண்மையான ஜாதகம்.

டிடிஆர்4-இல் சாம்சங்கின் 8 ஜிகாபிட் பி-டை (டை என்பது சில்லு) தனி இனம். சிஎல், ஆர்சிடி, ஆர்பி மூன்றும் சமமாக இறங்கும். மின்னழுத்தம் கூட்டக் கூட்ட இன்னும் இறங்கும். ஆர்எஃப்சி 160 நானோ நொடிக்குக் கீழேயும் போகும். அதன் ஒரே குறை வெப்பம். 3200, 14-14-14, 1.35 வோல்ட் என்று ஒரு தொகுப்பைக் கண்டால் அது பி-டை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். சமமான எண்களே அடையாளம். மைக்ரானின் ஈ-டை வேறு குணம்: உயர்ந்த வேகத்துக்கு எளிதாக ஏறும், மின்னழுத்தத்துக்கு சிஎல் இறங்கும், ஆனால் ஆர்சிடி மின்னழுத்தத்தைச் சட்டை செய்யாது. ஆர்எஃப்சியும் 300 நானோ நொடியை ஒட்டியே நிற்கும். ஹைனிக்ஸின் சிஜேஆர், டிஜேஆர் வகைகள் நடுவில். டிஜேஆர் வேகத்தில் வெகுதூரம் போகும், ஆர்சிடி உயரமாக இருக்கும். சாம்சங்கின் சி-டையை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும்: 1.35 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் அது மேம்படுவதற்குப் பதில் பிழை தரத் தொடங்கும்.

டிடிஆர்5-இல் நிலைமை எளிது. ஹைனிக்ஸின் எம்-டை, ஏ-டை இரண்டும் முன்னே நிற்கின்றன. ஏ-டை வேகத்தில் இன்னும் மேலே போகும். தொடக்க காலத்து சாம்சங்கும் மைக்ரானும் பின்தங்கியவை.

அடையாளம் காண டைஃபூன் பர்னர் என்ற மென்பொருள் உதவும். லினக்ஸில் டிகோட்-டிம்ஸ் கட்டளை இருக்கிறது. ரேமிலுள்ள எஸ்பிடி என்ற சிறு சில்லில் எழுதிய விவரத்தை இவை படித்துக் காட்டும். ஆனால் டை எழுத்தைச் சில வேளை இவை ஊகித்தே சொல்கின்றன. ஒட்டுத்தாளையும் பாருங்கள். கோர்சேர் டிடிஆர்4 தாளில் பதிப்பு எண் ஒன்று இருக்கும். அது 3-இல் தொடங்கினால் மைக்ரான், 4 என்றால் சாம்சங், 5 என்றால் ஹைனிக்ஸ். ஒரே மாதிரி எண்ணுள்ள தொகுப்பு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு சில்லுடன் வரக்கூடும் என்பதால், இணையத்தில் வேறொருவர் அடைந்த எண்ணை அப்படியே நகலெடுப்பது பயன் தராது. பழைய ஸ்டிக்குகளோடு அதே பெயரில் புதிதாக இரண்டை வாங்கிச் சேர்ப்பதும் இதே காரணத்தால் ஏமாற்றம் தரும்.

எல்லை எங்கே இருக்கிறது

ஒரு ரேம் தொகுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை மூன்று சுவர்கள் தீர்மானிக்கின்றன: சில்லு, மதர்போர்டு, செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டகம். எந்தச் சுவரில் முட்டிக்கொண்டோம் என்று தெரியாமல் மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு.

மதர்போர்டைப் பொறுத்தவரை, இன்றைய நான்கு-இட பலகைகளில் பெரும்பாலானவை இரண்டு ஸ்டிக்குகளுக்கு ஏற்றபடி கம்பி இழுக்கப்பட்டவை. செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில்தான் போட வேண்டும். நான்கையும் நிரப்பினால் உச்ச வேகம் கணிசமாகக் குறையும். டிடிஆர்5-இல் இந்தக் குறைவு மிகக் கடுமையானது. இரட்டை ரேங்க் ஸ்டிக்குகள் (சில்லுகள் இரண்டு தொகுதிகளாக இயங்குபவை) உச்ச வேகத்தில் சற்றுப் பின்தங்கினாலும், ஒரே வேகத்தில் ஒற்றை ரேங்கைவிடக் கூடுதல் வேலை செய்யும். 3600-இல் ஓடும் இரட்டை ரேங்க் தொகுப்பை விற்றுவிட்டு 4000 ஒற்றை ரேங்க் வாங்க வேண்டாம்.

கட்டுப்பாட்டகம் என்ற சுவரில் ஓர் ஒத்திசைவுக் கேள்வியும் இருக்கிறது. ஏஎம்டியின் ரைசன் 3000, 5000 வரிசைகளில் உள்பாதையான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக், நினைவகக் கடிகாரத்தோடு ஒன்றுக்கு ஒன்று ஓட வேண்டும். 3600 ரேமுக்கு ஃபேப்ரிக் 1800. இது அநேகமாக எல்லாச் செயலிகளிலும் கிடைக்கும். 1900 பலவற்றில் கிடைக்கும். அதற்கு மேல் ஒத்திசைவு முறிந்தால், ரேம் வேகமானாலும் காத்திருப்பு கூடிவிடும். இன்டெல்லில் 11-ஆம் தலைமுறையிலிருந்து கியர் 1, கியர் 2 என்ற பிரிவு இதே வேலையைச் செய்கிறது: கியர் 2-இல் கட்டுப்பாட்டகம் பாதி வேகத்தில் ஓடும். டிடிஆர்4 வைத்திருப்பவர்கள் கியர் 1-ஐ விடாமல் பிடித்துக்கொள்வது நல்லது. டிடிஆர்5-இல் கியர் 2 தான் வழக்கம். ரைசன் 7000 வரிசைக்கு 6000 என்ற வேகத்தையே ஏஎம்டி இனிமையான புள்ளியாகச் சொன்னது. இப்போதும் அதுவே பாதுகாப்பான இலக்கு.

சுவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி. டைமிங்குகளை வேண்டுமென்றே மிகத் தளர்த்துங்கள். டிடிஆர்4 என்றால் 20-26-26-48 போல. பிறகு வேகத்தை மட்டும் படிப்படியாக ஏற்றுங்கள். இத்தனை தளர்வாக இருந்தும் ஓரிடத்தில் நின்றுவிட்டால் காரணம் அநேகமாக டைமிங் இல்லை. கட்டுப்பாட்டகம் இருக்கும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தத்தை, இன்டெல் என்றால் எஸ்ஏ மின்னழுத்தத்தை, சற்று மாற்றிப் பாருங்கள். நிலைமை மாறினால் சுவர் கட்டுப்பாட்டகம். மாறாவிட்டால் ஒரே ஒரு ஸ்டிக்கை வைத்துச் சோதியுங்கள். பிறகு மற்றதை அதே இடத்தில் வையுங்கள். ஒன்று ஓடி மற்றது ஓடாவிட்டால் ஸ்டிக். தனித்தனியே இரண்டும் ஓடி, சேர்ந்து ஓடாவிட்டால் பலகையையோ கட்டுப்பாட்டகத்தையோ சந்தேகிக்கலாம். இந்த ஒரு மாலை நேரத்து வேலை, பிறகு பல வாரக் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

தொடங்கும் முன்

முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்த வட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். இதை நான் சடங்காகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொகுப்பை இறுக்கிவிட்டு, ஒரு மணி நேரச் சோதனையில் பிழை வரவில்லை என்று நிறைவடைந்துவிட்டேன். ஆறு வாரம் கழித்து, பழைய படங்களைச் சுருக்கி வைத்திருந்த ஒரு கோப்பு பாதியில் திறக்க மறுத்தது. அதைச் சுருக்கிய நேரத்தில் எங்கோ ஒரு பிட் புரண்டிருக்கிறது. கணினி ஒருமுறைகூட நின்றதில்லை, நீலத்திரை வந்ததில்லை. நினைவகப் பிழையின் கொடுமை இதுதான்: அது சத்தம் போடாது. அந்தப் படங்களில் சில திரும்பக் கிடைக்கவே இல்லை.

பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள், நினைவகப் பொருத்தம் பெரும்பாலும் அங்கேதான் மேம்படுகிறது. பயாஸ் அமைப்புகளை இயல்புக்குத் திருப்பும் சிமாஸ் அழிப்புப் பொத்தானோ, இரண்டு முள்ளுள்ள இணைப்போ பலகையில் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். செயலியையோ வரைகலை அட்டையையோ ஓவர்கிளாக் செய்திருந்தால் அதை இயல்புக்குக் கொண்டுவாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு சந்தேகங்களோடு உட்கார வேண்டாம். பிறகு எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை (உறையில் எழுதிய வேகத்துக்காக ரேமிலேயே சேமித்து வைத்தது) இயக்கி, அதையே முதலில் சோதியுங்கள். விற்ற அமைப்பிலேயே பிழை வந்தால் இறுக்குவது பற்றிப் பேச ஒன்றுமில்லை; அந்தத் தொகுப்பை மாற்றித்தான் வாங்க வேண்டும்.

ஒரு தொகுப்பை இறுக்கிய விதம்

என் மேசையில் இருந்தது இரண்டு 8 ஜிகாபைட் ஸ்டிக்குகள், மைக்ரான் ஈ-டை, 3200, 16-18-18-38, 1.35 வோல்ட், ரைசன் 5000 வரிசைச் செயலி. ஒவ்வொரு முடிவும் ஏன் எடுக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். எண்கள் உங்களுக்கு வேறாகத்தான் இருக்கும்.

முதலில் கணக்கு. ஆர்சிடி 18 என்றால் 3200-இல் 11.25 நானோ நொடி. ஈ-டையின் ஆர்சிடி மின்னழுத்தத்துக்கு இறங்காது என்பதால் 3600-இல் இது 20 துடிப்பு. அதிர்ஷ்டம் இருந்தால் 19. சிஎல் 16-இலேயே நிற்க வாய்ப்பு உண்டு, ஆனால் மின்னழுத்தம் தேவை. ஆக, எதையும் தொடுவதற்கு முன்பே இலக்கு தெரிந்துவிட்டது: 3600, 16-19 அல்லது 16-20. யாராவது இந்தச் சில்லில் 3600, 14-14-14 கிடைக்கும் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

வேகத்தை முதலில் நிலைநிறுத்தினேன். மின்னழுத்தம் 1.4, ஃபேப்ரிக் 1800, டைமிங் 18-22-22-42. மற்றவை தானியங்கியில். அரை மணி நேரச் சோதனை, பிழை இல்லை. பிறகுதான் இறுக்கம்.

ஒரு நேரத்தில் ஒரு டைமிங். இது சலிப்பாக இருக்கும், ஆனால் வேறு வழி கிடையாது. சிஎல்லை 16-க்கு இறக்கினேன். ரைசனில் கியர் டவுன் (நிலைத்தன்மைக்கான ஒரு பயாஸ் தேர்வு) இயக்கத்தில் இருக்கும்போது ஒற்றைப்படை சிஎல் தானாகவே அடுத்த இரட்டைப்படைக்கு ஏறிவிடும் என்பதால் 17 என்று ஒரு படி கிடையாது. ஓடியது. ஆர்சிடி 20, ஓடியது. 19, ஓடியது. 18-இல் கணினி எழுந்து நின்றது, ஆனால் சோதனை தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் பிழைகள் கொட்டின. மின்னழுத்தத்தை 1.45 ஆக்கியும் அதே பிழைகள். சில்லு தன் குணத்தைச் சொல்லிவிட்டது, 19-க்குத் திரும்பினேன். ஆர்பி அப்படியில்லை, 16 வரை எதிர்ப்பின்றி இறங்கியது.

ஆர்ஏஎஸ்ஸை வெகுவாக இறக்கிப் பெருமைப்படுவதில் பொருளில்லை. ஒரு வாசிப்புக்கு நிரை எப்படியும் ஆர்சிடியும் ஆர்டிபியும் (வாசிப்புக் கட்டளையிலிருந்து நிரையை மூடும்வரை உள்ள இடைவெளி) சேர்ந்த நேரம் திறந்துதான் இருக்க வேண்டும். அதற்குக் கீழே எழுதுவதால் எதுவும் வேகமாகாது. நான் 36-இல் நிறுத்தினேன். ஆர்சி 52.

அடுத்து ஆர்எஃப்சி. தரநிலையின் 350 நானோ நொடி 3600-இல் 630 துடிப்பு. ஈ-டைக்கு 300 நானோ நொடி எதிர்பார்க்கலாம், அதாவது 540. 600, 570, 540 என்று இறங்கினேன். 540 ஓடியது. 520-இல் முதல் இருபது நிமிடம் எதுவும் இல்லை. அதன் பிறகு ஒன்று, சற்று நேரம் கழித்து இன்னொன்று. ஸ்டிக்கின் வெப்பம் அப்போது 48 பாகை. குளிர்ந்த நிலையில் மீண்டும் தொடங்கியபோது மறுபடி இருபது நிமிடம் சுத்தம். ஆர்எஃப்சி எல்லையைத் தொட்டால் பிழை இப்படித்தான் வரும்: அரிதாக, தாமதமாக, சூட்டோடு. 550-இல் வைத்தேன், பத்துத் துடிப்பு மிச்சம் விட்டு.

ஆர்ஆர்டி-எஸ் 4, ஆர்ஆர்டி-எல் 6 (ஒரு நிரையைத் திறந்தபின் இன்னொன்றைத் திறக்கும்வரை உள்ள இடைவெளிகள்), எஃப்ஏடபிள்யூ 16. இந்த மூன்றையும் சேர்த்தே வைக்கலாம். நான்கு நிரை திறப்புகளுக்கான சாளரம்தான் எஃப்ஏடபிள்யூ, எனவே ஆர்ஆர்டி-எஸ்ஸின் நான்கு மடங்குக்குக் கீழே எழுதுவதால் பயனில்லை. தரவு வீதத்தில் நல்ல ஏற்றம் தருபவை இவை, அதிகம் அடம்பிடிக்காதவையும்கூட. டபிள்யூஆர் (எழுதி முடித்ததிலிருந்து நிரையை மூடும்வரை) 16, ஆர்டிபி 8: இவை இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்தே நகரும். எழுதியதிலிருந்து வாசிப்புக்கு மாறும் இடைவெளிகளான டபிள்யூடிஆர்-எஸ் 4, டபிள்யூடிஆர்-எல் 10. எழுதும்போது சிஎல்லின் இடத்தில் வரும் சிடபிள்யூஎல், சிஎல்லுக்குச் சமமாக 16. மூன்றாம் நிலை டைமிங்குகளைப் பலகையே நன்றாகப் பார்த்துக்கொண்டது, அவற்றைத் தொடவில்லை.

ஐடா64 என்ற அளவீட்டு மென்பொருளில் காத்திருப்பு 69 நானோ நொடியிலிருந்து 60-க்கு இறங்கியது. கோட்பாட்டு உச்ச வீதம் 51.2 ஜிகாபைட்டிலிருந்து 57.6 ஆகியிருக்கிறது, இது 3600-ஐ எட்டு பைட்டாலும் இரண்டு தடத்தாலும் பெருக்கினால் வருவது.

இன்டெல்லிலும் டிடிஆர்5 ரைசனிலும் இன்னொரு கைப்பிடி உண்டு: ஆர்இஎஃப்ஐ. இது மட்டும் எண் பெரிதாக இருந்தால் நல்லது. இயல்பான 7.8 மைக்ரோ நொடி 3600-இல் சுமார் 14,000 துடிப்பு; இதை 32,000 வரை உயர்த்தினாலே புதுப்பிப்பின் சுமை பாதிக்குக் கீழே போய்விடும். 65,535 வைக்கிறவர்களும் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். செல்கள் நீண்ட நேரம் கவனிப்பின்றிக் கசியும். வெப்பம் ஏறினால் கசிவும் ஏறும். பக்கத்து நிரைகளைத் திரும்பத் திரும்பத் திறந்து பிட்டைப் புரட்டும் ரோஹேமர் தாக்குதலுக்கும் இடைவெளி கூடுகிறது. ரேமின் மேல் நேரடியாகக் காற்று படாத பெட்டியில் 32,000 போதும்.

சோதனை

முதல் வடிகட்டலுக்கு மெம்டெஸ்ட்86-ஐ யுஎஸ்பியிலிருந்து இயக்குங்கள். இயங்குதளம் ஏறாததால் வட்டில் எதுவும் கெடாது. மோசமான அமைப்பை அது உடனே காட்டிவிடும். ஆனால் அதில் தேறியதை மட்டும் நம்ப வேண்டாம். டெஸ்ட்மெம்5-ஐக் கடுமையான அமைப்புக் கோப்புடன் இயக்குங்கள், அல்லது கார்ஹு. லினக்ஸ்காரர்களுக்குக் கூகுள் உருவாக்கிய ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட் இருக்கிறது. இவை ரேமைப் பார்க்கும். கட்டுப்பாட்டகத்தையும் ஃபேப்ரிக்கையும் வதைக்க ஒய்-க்ரஞ்சர், பிரைம்95-இன் பெரிய அளவுச் சோதனை ஆகியவை வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இருபது நிமிடம், இறுதி அமைப்புக்கு ஓர் இரவு முழுக்க என்பது என் வழக்கம். அந்த இரவில் வரைகலை அட்டையையும் ஓடவிடுங்கள். அதன் வெப்பக்காற்று ரேமை நோக்கித்தான் எழுகிறது, விளையாடும்போது நடப்பதும் அதுவே.

ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை சுழியம். எட்டு மணி நேரத்தில் ஒரே ஒரு பிழைதானே என்று விட்டுவிடக் கூடாது.

பிழை வரும் விதம் இடத்தைச் சொல்லும். தொடங்கியதும் கொட்டினால் முதன்மை டைமிங் மிக இறுக்கம், அல்லது மின்னழுத்தம் போதவில்லை. அரை மணி கழித்து ஒன்றிரண்டு என்றால் வெப்பம், ஆர்எஃப்சி, ஆர்இஎஃப்ஐ. ரேம் சோதனை சுத்தமாக இருந்து, விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் டபிள்யூஎச்இஏ என்ற வன்பொருள் பிழை எச்சரிக்கைகள் குவிந்தால் ஃபேப்ரிக் அல்லது கட்டுப்பாட்டகம். ஒரே அமைப்பு ஒருமுறை ஓடி, மறுதொடக்கத்துக்குப் பிறகு ஓடாவிட்டால், ஒவ்வொரு முறையும் பலகை செய்யும் நினைவகப் பயிற்சி வெவ்வேறு முடிவுக்கு வருகிறது என்று பொருள். பயாஸிலுள்ள மின் எதிர்ப்பு (ரெசிஸ்டன்ஸ்) அமைப்புகளைக் கவனிக்க வேண்டிய நேரம் அது. அவற்றில் ஒன்றான புரோக்ஓடிடியை ஒரு படி மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள்.

மின்னழுத்தமும் வெப்பமும்

டிடிஆர்4 தரநிலை 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி தொகுப்புகள் வழக்கமாக 1.35. அன்றாடப் பயன்பாட்டுக்குக் காற்றோட்டம் இருந்தால் 1.45 வரை போகலாம், பி-டைக்கு 1.5. டிடிஆர்5 தரநிலை 1.1, தொகுப்புகள் 1.35, 1.4 என்று வருகின்றன. டிடிஆர்5-இல் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சுற்று ஸ்டிக்கின் மேலேயே இருப்பதால் அதுவும் சூடாகும். பல ஸ்டிக்குகளில் அது 1.435 வோல்ட்டுக்கு மேல் போகவிடாதபடி பூட்டப்பட்டிருக்கும்.

என் கவலை ரேம் மின்னழுத்தத்தைவிட, பலகை சொல்லாமல் உயர்த்தும் செயலி மின்னழுத்தங்கள் மீதுதான். எக்ஸ்எம்பியை இயக்கியதும் எஸ்ஓசி, எஸ்ஏ மதிப்புகளைத் தானியங்கியில் தேவைக்கு மேல் ஏற்றிவிடும் பலகைகள் உண்டு. 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் சில கருகிப்போன பிறகு, எஸ்ஓசி மின்னழுத்தம் 1.3-ஐத் தாண்டக் கூடாது என்று ஏஎம்டி வரம்பு கட்டியது. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் உண்மை மதிப்பைப் பாருங்கள், கையால் எழுதிவையுங்கள். 3600 டிடிஆர்4-க்கு 1.1 வோல்ட் எஸ்ஓசி பெரும்பாலும் போதும். கூட்டினால் நிலைத்தன்மை கூடும் என்பதும் உண்மை இல்லை. தேவைக்கு மேல் போனால் சில செயலிகள் பிழை தருகின்றன.

ஸ்டிக்கில் வெப்ப உணரி இருந்தால் 50 பாகைக்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள். பி-டை 45-ஐத் தாண்டியதுமே தளரத் தொடங்கும். ரேமை நோக்கித் திருப்பிய ஒரு சிறு விசிறி, கூடுதல் மின்னழுத்தத்தைவிட நல்ல முதலீடு.

இவ்வளவு உழைப்பு யாருக்குத் தேவை? ஒருங்கிணைந்த வரைகலை வைத்திருப்பவர்களுக்கு வீதம் கூடுவது நேரடியாகத் தெரியும். செயலியால் மட்டுப்படும் விளையாட்டுகள், சுருக்குதல், பெரிய நிரல்களைத் தொகுத்தல் ஆகியவற்றிலும் பலன் உண்டு. 5800எக்ஸ்3டி போல 96 மெகாபைட் எல்3 (செயலிக்குள்ளேயே இருக்கும் இடைநினைவகம்) இருக்கும் செயலியில் பலன் குறைவு. செயலி ரேமிடம் வருவதே அரிது. அவர்கள் எக்ஸ்எம்பியைச் சரிபார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

இறுதி அமைப்பைப் பயாஸ் நினைவில் சேமிப்பதோடு, ரைசனின் டைமிங்குகளைக் காட்டும் ஜென்டைமிங்ஸ் மென்பொருளின் திரையைப் படமெடுத்தோ தாளில் எழுதியோ வையுங்கள். பயாஸ் புதுப்பித்தால் சேமித்த அமைப்பு அழிந்துவிடும். புதுப்பித்தபின் அதே எண்களை உள்ளிட்டாலும் ஓர் இரவுச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள், ஏனெனில் நீங்கள் தானியங்கியில் விட்ட மதிப்புகள் மாறியிருக்கும். குளிர்மாதங்களில் இறுக்கிய தொகுப்பை வெயில் ஏறியதும் ஒருமுறை சோதிக்க வேண்டும். என் 550 அந்தச் சோதனையில் நின்றது, 540 நிற்கவில்லை.